இடவலம்

சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியில்
பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.
எனக்கு அறுபது முடிந்து நாலு மாதம்.
காலியாக விட்டால் தணிக்கையில் கேட்பார்கள்
என்றார் எழுத்தர்.
வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
செங்கமலம் அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து,
எழுத்துக் கூட்டிப் படித்துக் கையெழுத்திட்டாள்.
உறவுமுறை என்ற இடத்தில்
பொறுப்பு என்று எழுதினாள்.

மயிலாடுதுறை நகராட்சிப் பள்ளி.
மாலை ஆறு முதல் எட்டு,
கலை மற்றும் கைவினைச் சான்றிதழ் வகுப்பு.
ஏழாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்கிறது.
யாரோ ஒரு பிரவீன்
காம்பஸ் முனையால் தன் பெயரை வெட்டியிருக்கிறான்,
எங்கள் எல்லோரையும்விட ஆழமாக.

பக்கத்தில் ஜெசிந்தா,
இரவு டூட்டிக்கு முன் வந்துபோகும் நர்ஸ்.
மாவு மில் குஞ்சிதபாதம்
இமையில் வெள்ளை போகாத ஆள்;
கறுப்பு மையை விரலில் தொட்டு
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
தையல்நாயகி
பேரனின் பென்சில் பெட்டியைத் திருடிக்கொண்டு வருகிறாள்,
அவன் தூங்கியதும் திருப்பி வைத்துவிடுகிறாள்.

யாஸ்மின் டீச்சருக்கு இருபத்தேழு.
வேண்டாததை எடுங்க சார்,
எடுத்தது வெள்ளை, விட்டது கறுப்பு.
எழுத்துன்னா திருப்பி வெட்டணும்.

ஒரு வாரம் எழுத்தோடு மல்லுக்கட்டினோம்.
கொ திரும்பினால்
கால் முன்னே வந்து கொம்பு பின்னே போகிறது.
ட எதிர்ச்சுவரில் போய்ச் சாய்கிறது.
ப மட்டும்
எந்தப் பக்கம் வந்தாலும் ப.
தம் பெயரில் அது ஒன்று உண்டென்று
குஞ்சிதபாதத்துக்குக் கொஞ்சம் கர்வம்.

நான் ஆற்றில் லஸ்கர்.
முப்பத்தொரு வருஷம் ஷட்டர் சுற்றிய கை.
இரண்டு ஆள் பலம் என்பார்கள்.
அந்தக் கைக்கு
ஒரு மயிரிழையில் உளியை நிறுத்தத் தெரியவில்லை.
இடது கட்டைவிரலில் ஜெசிந்தா போட்ட கட்டோடு
மீதி லினோவை வெட்டினேன்.

தெரிந்த இடம் ஒன்று, என்றிருந்தார் டீச்சர்.
என் செக்‌ஷனை வெட்டினேன்.
இடக்கோடியில் தலைமதகு,
அப்புறம் வாய்க்கால், ஐந்து ஊர்,
வலக்கோடியில் மணற்கொல்லை, அதைத் தாண்டிக் கடல்.
ஒவ்வொரு ஊர்ப் பெயரையும்
கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துத் திருப்பினேன்.

மை உருட்டி, மெல்லிய தாள் விரித்து,
கரண்டி முதுகால் தேய்த்து
உரித்தெடுத்தபோது
எழுத்தெல்லாம் நேராக நின்றது.
கடல் இடப்பக்கம் இருந்தது.

எழுத்தைத் திருப்பியவன்
ஆற்றைத் திருப்ப மறந்திருக்கிறேன்.
வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சிரித்து முடிக்கையில் கண்ணில் பட்டது:
இடமிருந்து வாசித்தால்
முதல் ஊர் மணற்கொல்லை.

முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஒரு வருஷம்
அந்த ஊர் அம்பலவாணன்
ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு வந்து நின்றார்.
ஒரு சுற்று தம்பி. ஒரே ஒரு சுற்று.
சாவி என் இடுப்பில் இருந்தது.
நோட்டில் அளவு எழுதிவிட்டுப் படுத்தேன்.
அளவு சரியாகத்தான் இருந்தது.

பத்துக்கு நாலு மார்க்.
ஐந்துக்குக் கீழே என்றால்
பாதுகாவலர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்,
பள்ளியின் பழைய விதி, எங்களுக்காக மாற்றவில்லை.

ஏன் நாலு, என்றாள் செங்கமலம்.
கடலை மாற்றி வைத்துவிட்டேன்.
அவள் தாளை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
எதிரே நான்.
அவள் பக்கம் மணற்கொல்லை முதலில்.
என் பக்கம்
ஆறு பழையபடி கிழக்கே போய்க்கொண்டிருந்தது,
ஒரு ஊர்ப் பெயரும் படிக்க முடியாமல்.

நேரமாகுது, பேனா எங்கே, என்றாள்.